உப்பு, உறக்கம், ஒரு நாற்பது பக்க நோட்டு

என் தம்பி ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல், போடுகிறவன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறமாகச் சிறு கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கும்போது கை நெல்முனை அளவு நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அவனுக்கு 24 வயதில் பைபோலார் என்னும் இருதுருவ மனநோய் வந்தது. இப்போது 50 ஆகப் போகிறது. இன்றும் கல் போடுகிறான்.

நான் அவனுடைய அக்கா. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், அதில் 6 ஆண்டுகள் மனநல வார்டில். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: வார்டில் நான் பார்த்ததெல்லாம் நோய் முற்றி வந்தவர்களின் இரண்டு மூன்று வாரங்களை மட்டுமே. மருத்துவரை மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பார்க்கிறோம். மிச்ச நாட்களுக்கு நர்ஸ் வேலை வீட்டுக்காரர்களுடையது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல மாட்டேன். அது ஆளுக்கு ஆள், சிறுநீரகத்துக்குச் சிறுநீரகம் மாறும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த நோயின் இரண்டு முகங்களுக்கும் ஏற்றம், இறக்கம் என்று பெயர். ஏற்றத்தில் தம்பி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு களைப்பே இல்லாமல் எழுவான். பேச்சு ஒன்றை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும். ஒரு வருடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போய் 11 பர்மா தேக்குக் கதவுகளுக்கும் ஒரு மூட்டை எனாமல் தட்டுகளுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான். எங்கள் வீட்டுக்கு மொத்தமே மூன்று வாசல். இறக்கத்தில் அதே ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். "கரண்டி கனக்கிறது அக்கா" என்பான். முதலாவதைத் திமிர் என்றும் இரண்டாவதைச் சோம்பல் என்றும் ஊரார் சொன்னார்கள். எங்கள் ஆத்தாவும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தது.

நோட்டு

முதலில் வாங்க வேண்டியது 40 பக்க நோட்டு ஒன்று. தினமும் ஒரு வரி போதும். இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா, வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உண்டா, மனம் எப்படி இருந்தது. மனநிலைக்கு எண் போடச் சொல்லித்தான் வார்டில் எங்களுக்குப் பழக்கம். தம்பிக்கு எண் பிடிக்கவில்லை, நிறம் போட்டான். கறுப்பு, சிமெண்ட், மஞ்சள், சிவப்பு. சிமெண்ட் என்றால் நல்ல நாள். அவனே எழுதுகிறான், நான் எழுதுவதில்லை. அடுத்தவர் எழுதினால் அது கண்காணிப்பு நோட்டாகிவிடும், நோயாளி ஒரு நாள் அதைக் கிழித்துப் போடுவார். பார்த்திருக்கிறேன்.

நோட்டில் நான் முதலில் பார்ப்பது தூக்கத்தைத்தான். தூக்கம் குறைவது ஏற்றத்தின் அறிகுறி. அதுவே ஏற்றத்தைக் கிளப்பியும் விடும். எங்கள் பக்கம் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. சிவராத்திரிக்குக் கண் விழிப்பு, வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிப்பு, கல்யாண வீடென்றால் விடிய விடியச் சமையல்கட்டு. தம்பிக்கு முதல் ஏற்றம் வந்ததே ஊர்த் திருவிழாவில் மூன்று இரவு தூங்காமல் வேலை செய்த பிறகு. இப்போது அவன் திருவிழாவுக்குப் போகிறான், இரவு 9 மணிக்கு வீட்டில் இருப்பான். இரண்டு இரவு தொடர்ந்து 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, பகலில் அசதியும் இல்லையென்றால் மூன்றாவது நாள் காலையில் மருத்துவருக்குப் போன் செய்வோம். அவரோடு பேசி நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இது. உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் முன்னறிகுறி ஒன்றாக இருக்காது. தம்பிக்குத் தூக்கம் குறைந்த கையோடு பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, சேலைக்குப் பொருந்தாத பூ.

லித்தியம்

மனநிலையைச் சீராக்கும் மருந்துகளில் மூத்தது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், வெறியேற்றத்தில் இருந்தவர்களுக்கு இது உதவுகிறது என்று எழுதினார். அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1970 ஆனது. மாத்திரையில் இருப்பது லித்தியம் கார்பனேட், ஓர் உப்பு. இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். கல் போடுகிறவர்களுக்கு உப்புத்தான் சத்துரு. மணலிலோ தண்ணீரிலோ உப்பு இருந்தால் கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்து வேலையைக் கெடுத்துவிடும். "கல்லுக்கு ஆகாதது எனக்கு மருந்தா?" என்றான்.

ஏற்றம் இறக்கம் இரண்டையும் தடுப்பதிலும், தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் வரப்பு மெல்லியது. வழக்கமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5க்கு மேல் போனால் ஆபத்து. சில நேரம், முக்கியமாக வயதானவர்களுக்கு, அதற்குக் கீழேயே நஞ்சின் அறிகுறிகள் தெரியும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. மருந்து தொடங்கியும் அளவை மாற்றியும் சுமார் ஒரு வாரத்தில் ஒரு தடவை, பிறகு முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு தடவை என்று பார்ப்பார்கள். தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம் ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒரு முறை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம். தம்பி தகரக் கொட்டகைக்குள் நாள் முழுதும் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தான். விருந்துச் சாப்பாடு ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் மாலை கால் பின்னப் பின்ன நடந்து வந்தான், நாக்குக் குழறியது. தெருவில் எல்லோரும் "குடித்திருக்கிறான்" என்றார்கள். அவன் மனைவி அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்து, "மதினி, இத்தனை வருடம் இல்லாத பழக்கம்" என்றது. கையை நீட்டச் சொன்னேன். வழக்கமான மெல்லிய நடுக்கம் இல்லை அது. கை மொத்தமாக உதறியது. 108க்குச் சொன்னோம். லித்தியம் 1.9 இருந்தது. மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். உடலில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்வையும் வயிற்றுப்போக்கும் அதைச் செய்தன. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் இதே கண்ணி உண்டு. டெல்மிசார்ட்டான், எனாலபிரில் வகைகளும், ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரைகளும் லித்தியத்தை உயர்த்தும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். தம்பியின் சட்டைப் பையில் அதை எழுதிய அட்டை இருக்கிறது.

உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஊறுகாய், வற்றல், உப்புக்கண்டம் என்று பழகிய வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறினால் லித்தியம் ஏறும். நாட்டு மருந்துக்கு உப்பில்லாப் பத்தியம் இருக்கச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. லித்தியம் சாப்பிடுகிறவர் அதைச் செய்யவே கூடாது. காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி, பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விரதத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தண்ணீர் குடிக்காத விரதம் வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். காபியையும் சட்டென்று நிறுத்தாதீர்கள். நான்கு டம்ளர் குடித்தவர் ஒரேயடியாக விட்டால் அதற்கும் லித்தியம் கொஞ்சம் ஏறும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழறல், கை உதறல், மந்தம், குழப்பம் இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மெல்லிய நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் எடை கூடுவது ஆகியவை பலருக்கும் வருபவை. அவற்றுக்காக ஓட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

மற்ற மருந்துகள்

வால்புரோயேட் ஏற்றத்தை வேகமாக அடக்கும். எடை கூடும், சிலருக்கு முடி கொட்டும். கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு இதை எழுதியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேள்வி கேளுங்கள். கருவிலிருக்கும் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் இது பாதிக்கக்கூடும். பெண்ணின் நோயை மறைத்துக் கல்யாணம் செய்து, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரையையும் நிறுத்தி, குழந்தை பிறந்த இரண்டாம் வாரம் தூக்கமில்லாமல் நோய் திரும்பி வந்த கதைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தை ஒட்டிய வாரங்கள் இந்த நோய்க்கு மிகவும் ஆபத்தானவை. கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். தெரியாமல் கருத்தரித்துவிட்டாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

லாமோட்ரிஜின் இறக்கம் திரும்ப வராமல் தடுப்பதற்கு. மிக மெதுவாகத்தான் அளவைக் கூட்டுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. கார்பமசெபினுக்கும் தோல் தடிப்புப் பற்றிய எச்சரிக்கை பொருந்தும். அது கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். குவெட்டியபின், ஓலன்சபின் கொடுத்தால் தூக்கம் வரும், பசி கூடும். சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் கவனியுங்கள்.

இறக்கத்துக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கிப் போடுவது ஆபத்து; பைபோலார் உள்ளவரை அது ஏற்றத்தில் தள்ளிவிடக்கூடும். வேறு மருத்துவரிடம் போனால் முன்பு வந்த ஏற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் வராதீர்கள். இறக்கத்தில் இருக்கும்போது நோயாளிக்கே அது நினைவிருக்காது, அல்லது சொல்ல வெட்கமாக இருக்கும்.

மாத்திரையை ஒளித்தால்

வார்டில் மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். சாம்பாரில் கரைத்துக் கொடுக்கவே செய்யாதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும் என்பது இன்னொரு ஆபத்து.

ஒளிக்கிறார் என்றால் காரணம் இருக்கும். கேளுங்கள். தம்பி ஒரு தடவை ஆறு வாரம் ஏமாற்றினான். திட்டிப் பார்த்தேன், நர்ஸ் பாஷையில் பயமுறுத்திப் பார்த்தேன். கடைசியில் அவன் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். தாமரை இதழின் ஓரம் முழுக்கக் கோடு கலங்கியிருந்தது. "இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" 31 வருட அனுபவத்தில் நடுக்கத்தை நான் சாதாரணப் பக்கவிளைவு என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லை எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போனோம். அவர் அளவைச் சற்றுக் குறைத்து, மொத்த மருந்தையும் இரவுக்கு மாற்றி, காபியை இரண்டு டம்ளராக மெதுவாகக் குறைக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் கோடு நேரானது. அப்படியும் நிற்காவிட்டால் நடுக்கத்துக்குத் தனி மாத்திரை உண்டு என்றும் சொன்னார்; எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நன்றாக இருக்கிறோமே, எதற்கு மாத்திரை என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். நிறுத்துவதென்றாலும் மருத்துவர் பார்வையில், வாரக் கணக்கில், முடிந்தால் மாதக் கணக்கில் இறக்கித்தான் நிறுத்த வேண்டும். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் ஏற்றம் முன்னைவிட வேகமாகத் திரும்பும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்

ஏற்றத்தில் இருப்பவரோடு வாதாடாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியம், தணிந்த குரல், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். டிவியை நிறுத்துங்கள், வந்த உறவினரை அனுப்பிவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்பதால் கையில் பிடித்துக்கொண்டே தின்னக்கூடியதைக் கொடுங்கள். தம்பிக்கு இட்லி, கொழுக்கட்டை, வாழைப்பழம். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர். கட்டிப் போடுவது, அடிப்பது, அறையில் பூட்டுவது கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தார்கள். அந்த மாதம் எங்கள் வார்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் இருந்து வருகிறவர்களை நான் தடுத்ததில்லை. போங்கள், மாத்திரையையும் கையோடு கொண்டு போங்கள்.

பணத்தை ஏற்றம் வருவதற்கு முன்பே காக்க வேண்டும். தம்பி நன்றாக இருந்த ஒரு நாளில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம்: நோட்டில் சிவப்பு வந்தால் ஏடிஎம் அட்டையும் பைக் சாவியும் அவன் மனைவி கையில், எந்த வியாபாரப் பேச்சுக்கும் மூன்று நாள் பொறுத்துத்தான் பதில், மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி என் பேச்சைக் கேட்பது. கடைசி வரி அவன் சேர்த்தது: "அக்கா என்னை மற்றவர்கள் முன்னால் திட்டக் கூடாது." 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். கோபம் எல்லை மீறி யாருக்காவது அடிபடும் நிலை என்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 108ஐ அழையுங்கள்.

இறக்கத்தில் அறிவுரை சொல்லாதீர்கள். குளிக்கச் சொல்லாதீர்கள், வெந்நீரைக் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தவறு. பலருக்கு அதைக் கேட்ட பிறகுதான் வாய் திறக்கிறது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரவு நேரத்தில் ஒன்றும் புரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். லித்தியம் அதிகம் உட்கொண்டால் உயிரைப் பறிக்கும் என்பதால் அந்த வாரங்களில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் வெளியே இருக்கட்டும். மிச்சம் எங்கள் வீட்டில் நான் தூங்கும் அறை பீரோவில். அதுவும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியதுதான்.

கவனித்துக்கொள்கிறவர் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் மாற்றி விட வர மாட்டார்கள். தம்பி மனைவியும் நானும் இரவுகளைப் பங்கிட்டுக்கொள்கிறோம். ஒருவரே பார்க்கும் வீடாக இருந்தால் வாரத்தில் ஒரு இரவுக்காவது வேறொருவரைக் கேளுங்கள்; கூச்சப்பட வேண்டாம்.

ரத்தம் எடுக்கப் போகும் நாளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ரத்தம். காலையிலும் மாத்திரை உண்டென்றால் அதைப் போடாமல் டப்பாவில் வைத்துக் கையோடு கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். லித்தியம் பார்ப்பதற்குப் பட்டினி தேவையில்லை, அதே நாளில் சர்க்கரையும் பார்ப்பதென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக் கூடத்தில் பச்சை மூடிக் குழாயை எடுத்தால் தடுத்துக் கேளுங்கள். அவற்றில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருக்கும். உடம்பில் இல்லாத லித்தியத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். ஒரு முறை எங்களுக்கு அப்படித்தான் 2க்கு மேல் வந்தது. தம்பி சைக்கிளில் வந்து இறங்கி, தெளிவாகப் பேசிக்கொண்டு நின்றான். மறுபடி சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொன்னேன். 0.7. நோட்டில் அன்றைக்கு அவன் எழுதியிருந்தது சிமெண்ட்.